நீர்மட்டச் செய்தியில் விடுபடும் மீன்

கார்த்திகை பிறந்து வாடைக் காற்றோடு மழை இறங்கத் தொடங்கினால், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் இரண்டு செய்திகள் கட்டாயம் வரும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இத்தனை அடி, வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும் என்பது ஒன்று. தொண்டைமானாறு தடுப்பணையின் கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் கடலுக்கு விடப்படுகிறது என்பது மற்றது. வயல் வைத்திருப்பவருக்கும் பள்ளக் காணியில் வீடு உள்ளவருக்கும் இந்தத் தகவல் போதும். தூண்டில் வைத்திருப்பவர் இதே செய்தியை வேறு மாதிரி வாசிப்பார். கதவு திறந்தால் ஓட்டம், ஓட்டம் வந்தால் மீன். அன்று பின்னேரமே பாலத்தடியில் தூண்டில் தடியும் றீலுமாக ஆட்கள் நிற்பார்கள். வீச்சுவலையும் வரும்.

இந்த இரண்டாவது வாசிப்பைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் இருக்காது. தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மனிதருக்கும் நெல்லுக்கும் என்ன செய்கிறது என்று எழுதுகிறோம். அதற்குள் இருக்கும் உயிர்களுக்கு என்ன செய்கிறது என்று எழுதுவதில்லை. மீன் செத்துக் கரையொதுங்கினால் மட்டும் படம் போடுகிறோம். ஆனால் கதவு திறக்கும் நாட்களும் கோடையில் தண்ணீர் வற்றும் நாட்களும்தான் மீன் மிகச் சுலபமாக அகப்படும் நாட்கள். தூண்டிலை எடுக்காமல் விடவேண்டிய நாட்களும் பெரும்பாலும் அவைதான். பொழுதுபோக்காக மீன் பிடிக்கும் எல்லோரும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதற்கு முதலில் நம்முடைய தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அடியில் சுண்ணாம்புக்கல், பெய்கிற மழையில் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்குள் வந்து விழுந்துவிடும். நிலத்துக்குள் இறங்கியது கிணற்றுக்கு, இறங்காதது கடலுக்கு. வழுக்கையாறு மாரியில் மட்டும் உயிர் பெற்று, குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு அராலியில் போய்க் கடல்நீரேரியில் விழும். கோடையில் அதன் தடத்தில் மாடு மேயும்.

தொண்டைமானாறு என்று நாம் சொல்வதும் உண்மையில் ஆறு அல்ல. வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் இடையே நீளமாகக் கிடக்கும் கடல்நீரேரி வடகடலில் போய்ச் சேரும் வாய் அது. செல்வச்சந்நிதிக்குப் போகிறவர்கள் கரையில் நின்று பார்க்கும் அந்தத் தண்ணீர் மாரியில் ஏறத்தாழ நன்னீர், கோடையில் கடலைவிடவும் கரிப்பு. அதற்குத் தெற்கே உப்பாறு கடல்நீரேரி. அது அரியாலை, நாவற்குழிப் பக்கமாக யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் சேர்கிறது. தென்கிழக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி. அங்கே உப்பளம் இருப்பதே அந்தத் தண்ணீர் எவ்வளவு கரிக்கும் என்பதற்குப் போதுமான சாட்சி.

இந்த மூன்றையும் நன்னீர் ஏரிகளாக மாற்றிவிடலாம் என்ற யோசனை ஒல்லாந்தர் காலத்திலேயே பேசப்பட்டது. பிரித்தானியர் காலத்தில் அரசாங்க அதிபராக இருந்த துவைனம் அதை மீண்டும் எடுத்தார். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அதற்கு முழுமையான வடிவம் கொடுத்தார். கனகராயன் ஆறு இரணைமடுவைத் தாண்டி ஆனையிறவுக் கடல்நீரேரிக்குக் கொண்டுவரும் வெள்ளத்தை அங்கேயே மறித்துத் தேக்கி, முள்ளியான் வழியாக ஒரு வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொடுப்பதுதான் திட்டம். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று இன்றும் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கும் பேச்சு அதுதான். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உப்புநீர்த் தடுப்பணைகள் 1950களில் நிறைவேறின. ஆனையிறவுப் பகுதியின் வேலை முழுமை பெறவில்லை.

இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இரணைமடுக் கதவு திறந்தால் தண்ணீர் ஆனையிறவுக்குப் போகிறது, தொண்டைமானாற்றுக்கு அல்ல. 2018 டிசம்பரில் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியபோது ஓடியது கனகராயன் ஆற்றின் தண்ணீர். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது குடாநாட்டுக்குள் நின்றது குடாநாட்டிலேயே பெய்த மழை. செய்தியில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றின் அளவை வைத்து மற்றதைக் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரணைமடு நிரம்பிவிட்டது, தொண்டைமானாற்றில் மீன் ஓடும் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவது அப்படி ஒரு கணக்கு.

தடுப்பணைக் கதவு யாருக்காக எப்போது திறக்க வேண்டும் என்பதிலும் இரு பக்கம் உண்டு. விவசாயிக்குக் கதவு பூட்டியிருக்க வேண்டும்: உப்பு உள்ளே வரக்கூடாது, மழைத்தண்ணீர் கழுவிய நிலம் மீண்டும் கரிக்கக்கூடாது, கிணறு உவராகக்கூடாது. வெள்ளம் வயலை மூடும்போது மட்டும் திறந்தால் போதும். கடல்நீரேரியில் தொழில் செய்பவருக்கோ கதவு திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் இறாலும் மீனும் அந்த வாயால்தான் வந்து போகின்றன. இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். கதவின் சாவி நெல்லின் கணக்கில் திரும்புகிறபோது மீனின் கணக்கைச் சொல்ல யாராவது வேண்டும்.

அந்தக் கணக்கு என்ன? கொடுவாயை எடுத்துக்கொள்வோம். தூண்டில்காரர் ஆசைப்படும் மீன்களில் முதல் வரிசை அதற்குத்தான். அது முட்டையிடுவது உப்புத்தண்ணீரில். குஞ்சுகள் கடல்நீரேரிக்கும் கண்டல் காட்டுக்கும் மாரி வெள்ளம் நிற்கும் தரவைகளுக்கும் ஏறி வந்து வளரும். முதிர்ந்ததும் மீண்டும் கடல்வாய்ப் பக்கம் இறங்கும். பெரும்பாலான கொடுவாய்கள் முதலில் ஆணாக முதிர்ச்சி அடைகின்றன. சில வருடங்கள் ஆணாக இருந்து, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகின்றன. அதாவது படம் எடுத்துப் போடத் தோன்றும் அந்தப் பெரிய மீன் அநேகமாக முட்டை சுமக்கும் மீன். ஒரே கடல்வாயில் நாலைந்து பெரிய கொடுவாய்களைத் தூக்கினால் அடுத்த மாரிக்கு வரவேண்டிய குஞ்சுகளின் தாய்களை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

திரளியும் அப்படித்தான் போய் வருகிறது: வளர்வது உள்ளே, முட்டையிடுவது கடலில். இறால் குஞ்சாக உள்ளே வந்து, சாதாழைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் தின்று வளர்ந்து, முட்டையிட வெளியே போகிறது. ஆகவே கதவு திறந்த முதல் நாட்களில் அந்த ஒடுங்கிய வாயில் நடப்பது இதுதான். உள்ளே வளர்ந்தவை ஓட்டத்தோடு வெளியே வருகின்றன. அவற்றைத் தின்னப் பாரையும் சீலாவும் கொடுவாயும் வெளியே காத்து நிற்கின்றன. உள்ளே போகவேண்டிய குஞ்சுகள் ஓட்டம் தணியும் நேரம் பார்த்துத் தூண்களின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. கடல்நீரேரி முழுக்கப் பரந்து கிடந்த உயிர்கள் சில மீற்றர் அகலத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. அங்கே வீசுகிற எதிலும் ஏதாவது கொளுவும். அதைத் திறமை என்று சொல்வது கஷ்டம்.

கிட்டப் போய்ப் பார்ப்போம். கதவு திறந்து ஓட்டம் வேகமாக இருக்கும்போது தூணின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் தண்ணீர் மோதி நுரைக்கும். பின்பக்கத்தில் ஒரு சின்னச் சுழி, அதற்குள் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாது. விரல் நீளத் திரளிக் குஞ்சுகள் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு அங்கே கூட்டமாக நிற்கும். கறுத்த நிழல் மாதிரித்தான் முதலில் தெரியும். ஒரு வீச்சுவலை அந்தச் சுழிமேல் விழுந்தால் கூட்டம் முழுவதும் போய்விடும். கறிக்கும் உதவாத அளவு என்று கரையில் கொட்டிவிட்டுப் போவதையும் காணலாம். சட்டமும் கண்காணிப்பும் வரும்வரை காத்திருக்காமல், தூணடியை விட்டு விலகி நிற்பது என்று ஒருவர் தனக்குத் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஓட்டம் வேகமாக உள்ள கதவடியில் நிற்பது ஆளுக்கும் ஆபத்து.

இதையெல்லாம் வேறு இடங்களில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ஃப்ளை ஃபிஷிங் என்பது நமக்குப் பழக்கமில்லாத முறை. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஒரு பூச்சி மாதிரிச் செய்வார்கள். அதற்குப் பாரமே இல்லை. பாரம் உள்ளது நூலில்தான். நூலைத் தலைக்கு மேலால் முன்னும் பின்னும் வீசி, அந்தப் போலிப் பூச்சியைக் குளிர்ந்த ஆற்றின் மேல் மெதுவாக இறக்குவார்கள். இலங்கையிலும் அது உண்டு. 1880களில் பிரித்தானியர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள்; ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அந்த இனத்தின் ஒரு வகை நிலைத்தது. மலைநாட்டுக் குளிரில் மட்டும் வாழக்கூடிய மீன் அது. தொண்டைமானாற்றில் ஒரு நாளும் தாங்காது.

அந்த மீன்பிடியைப் பற்றி எழுதும் அமெரிக்க, ஐரோப்பியப் பத்திரிகைகளில் மீனுக்கு முன்னால் தண்ணீர் வருகிறது. இன்று ஆற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது, வெப்பம் எத்தனை பாகை, நேற்றையவிடக் கூடியதா குறைந்ததா என்பதுதான் செய்தியின் முதல் பந்தி. இதற்கு அடித்தளம் அரசாங்கத்தின் அளவுகோல்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தன் முதல் ஆற்று அளவு நிலையத்தை 1889இல் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் எம்புடோ என்ற இடத்தில் வைத்தது. இன்று ஆயிரக்கணக்கான நிலையங்களின் அளவை யாரும் கைபேசியில் பார்க்கலாம். அந்த எண்கள் வெள்ளத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் எடுக்கப்பட்டவை. மீன் பிடிப்பவர்கள் அவற்றைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டதன் விளைவுதான் முக்கியம். மொன்டானா மாநிலத்தில் கோடையில் ஆற்று வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு 73 பாகை பரனைட்டை, அதாவது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸைத் தொட்டால், பின்னேரம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்த ஆற்றில் மீன்பிடியை நிறுத்திவிடலாம். காலைக் குளிரில் மட்டும் பிடிக்கலாம். 2016 ஓகஸ்ட்டில் யெலோஸ்டோன் ஆற்றில் தண்ணீர் குறைந்து சூடாகி, சிறுநீரகத்தைத் தாக்கும் ஒட்டுண்ணி பரவி, வைட்ஃபிஷ் என்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. மாநில அரசு 183 மைல் நீளத்துக்கு ஆற்றை மூடியது. மீன்பிடி மட்டுமல்ல, படகுச் சவாரி, குளிப்பு எல்லாம் நின்றன. வழிகாட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் அது உழைக்கும் மாதம். அப்படியும் மூடினார்கள், எழுதுபவர்களில் பலர் அதை ஆதரித்து எழுதினார்கள். அளவு தெரிந்திருந்ததால்தான் அந்த முடிவை நியாயமாகப் பேச முடிந்தது.

சூடான தண்ணீரில் ஏன் பிடிக்கக்கூடாது? 10 பாகை நன்னீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை. அதே சூட்டில் கடல்நீராக இருந்தால் ஏறத்தாழ 6. சூடு கூடக்கூட மீனுக்குத் தேவையான ஒட்சிசன் கூடுகிறது, தண்ணீரில் இருப்பதோ குறைகிறது. அந்த நிலையில் தூண்டிலில் இழுபட்டுப் போராடும் மீன், களைத்து ஓடியவரின் மூக்கைப் பொத்திவிட்ட மாதிரித் தவிக்கும். விட்டாலும் சில மணி நேரத்தில் எங்கோ அடியில் செத்துப் போகலாம். விட்டவர் கண்ணில் அது படாது.

இதைப் பற்றி 1992இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் வானவில் ட்ரவுட் மீன்களை வைத்து ஆய்வு செய்தார்கள். களைக்கும் வரை ஓடவிட்டு அப்படியே விட்ட மீன்களில் 88 வீதம் தப்பின. களைத்த பிறகு 30 விநாடி தண்ணீருக்கு வெளியே வைத்து விட்டவற்றில் 62 வீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28 வீதம் மட்டும். ஒரு நிமிடம் என்பது கைபேசியை எடுத்து, மீனை இரு கையாலும் ஏந்தி, நண்பரிடம் “இன்னொருக்கா எடு” என்று சொல்லும் நேரம்தான். ட்ரவுட்டுக்கு வந்த எண்ணை அப்படியே கொடுவாய்க்கோ பாரைக்கோ பொருத்த முடியாது. செவுள் காற்றில் ஒட்டிக்கொண்டால் மூச்சு நிற்கும் என்பது எல்லா மீனுக்கும் பொது.

அதேபோல மொன்டானாவின் 23 பாகையை இங்கே எல்லையாக வைக்கவும் முடியாது. நம்முடைய தண்ணீர் மாரியிலும் அதைவிடச் சூடு. நம்முடைய மீன்கள் அந்தச் சூட்டில் பிறந்தவை. இங்கே எல்லையைக் காட்டுவது ஆழமும் உப்பும்தான். பங்குனிக்குப் பிறகு மழை இல்லை, வைகாசியிலிருந்து சோளகம் ஓயாமல் அடிக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. ஆழமில்லாத கடல்நீரேரியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போக, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஆடி, ஆவணியில் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்துவிடும். உள்ளே மிஞ்சிய மீன் ஆழமான மடுக்களில் ஒடுங்கும். இரவில் சாதாழையும் பாசியும் ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால் விடியப்புறம்தான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரம் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பது தெரியும். அப்படி நிற்கும் மடுவில் தூண்டில் போடக்கூடாது. கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய எல்லை அது.

ஆனால் நம்மூரில் தூண்டில் அதிகம் இறங்கும் மாதங்களில் ஒன்று ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும். சுவிசிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் நல்ல தூண்டில் தடிகளோடு வருகிறார்கள். திருவிழாக் காலத்தில் வீட்டில் மச்சம் சமைக்காததால், பிடித்ததை விட்டுவிடுவோம் என்று சொல்லி ஆசைக்குப் பிடிப்பவர்களும் உண்டு. வற்றிக் கரித்த தண்ணீரில் பிடித்து விடுவது மீனுக்குச் செய்யும் உபகாரம் இல்லை. இந்த மாதத்தில் பிடிக்க ஆசை என்றால் பண்ணைப் பாலத்தடி, சங்குப்பிட்டிப் பாலத்தடி மாதிரி கடல்நீர் ஏறி இறங்கும் இடங்களுக்குப் போகலாம். அங்கே தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். பூட்டிய கதவுக்குள் அகப்பட்ட மீனைத் தொடாமல் விடலாம்.

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவது சரியா என்ற கேள்வி அந்த நாடுகளிலேயே தீரவில்லை. அமெரிக்காவில் விடுவதுதான் நல்ல பழக்கம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் நேர்மாறு: விடுவதற்கென்றே பிடிப்பதை விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. நீண்ட கால அனுமதி வேண்டுபவர், மீனை எப்படிக் கையாள்வது, எப்படி வதைக்காமல் கொல்வது என்று படித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். உண்ணப் போவதில்லை என்றால் அந்த உயிரை வதைக்க உனக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் அவர்களின் கேள்வி. நம்முடைய பெரியவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்வார்கள்: பிடிச்சா கறிக்கு, இல்லாட்டிப் பேசாமல் விடு.

எனக்கு இந்தப் பக்கம்தான் சரியாகப் படுகிறது, ஒரு திருத்தத்தோடு. கறிக்குத் தேவையான அளவு கிடைத்ததும் நூலைச் சுற்றிவிட வேண்டும். வேண்டாத மீன் கொளுவினால், மிகச் சிறியதானாலும் முட்டைக் கொடுவாயானாலும், அதை உயிரோடு விடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பி நிற்கும் சின்னக் கூர் ஒன்று இருக்கும். மீன் கழன்றுவிடாமல் பிடிப்பது அதுதான், கழற்றும்போது வாயைக் கிழிப்பதும் அதுதான். அதைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால், நூல் இறுக்கமாக இருக்கும் வரை மீன் நிற்கும், தளர்த்தியதும் ஒரு திருப்பில் கழன்றுவிடும். பிறகு கையை நனைத்துவிட்டுத் தொடவேண்டும்; உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அந்த வழுவழுப்புத்தான் அதன் காப்பு. செவுளுக்குள் விரல் விடக்கூடாது. படம் வேண்டுமானால் தண்ணீரில் வைத்தபடியே எடுக்கலாம்.

தொழில் செய்பவர்களோடு நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேசாமல் இங்கே தூண்டில் ஒழுக்கம் பேச முடியாது. மொன்டானா ஆற்றில் பிடிப்பவர் எல்லோரும் கிட்டத்தட்டப் பொழுதுபோக்குக்காரர். யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர். அதன் கரைகளில் பல ஆயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. காக்கைதீவுக் கரையில் நின்று பார்த்தால் தண்ணீருக்குள் வரிசையாகத் தடிகள் தெரியும். அவை சிறகுவலைகள்: ஒட்டி, ஓரா மீன்களும் இறாலும் நீரோட்டத்தோடு வந்து, வலைச்சுவர் வழியே போய் அடைப்புக்குள் சேரும். யார் எந்த இடத்தில் கட்டுவது என்பது கடற்றொழிலாளர் சங்கங்கள் பேசித் தீர்க்கும் விடயம். கரைவலைக்குப் பாடு, அதாவது வலை இழுக்கும் இடம், இருப்பதுபோல இதற்கும் முறை இருக்கிறது. இன்னொருவரின் இடத்தில் கை வைப்பது பெரும் சண்டைக்குரிய குற்றம்.

தூண்டில் வீசுபவருக்கு அந்தத் தடிகள் மீன் ஒதுங்கும் நல்ல இடமாகத் தெரியும். வீசினால் தூண்டில் முள் வலையில் மாட்டும். இழுத்தால் கண்ணி அறும், அறுத்துவிட்டுப் போனால் அடுத்த நாள் வலை தூக்குபவரின் கையில் அது ஏறும். நண்டுக்கூட்டின் மிதவைக் கயிறும் அப்படித்தான். கரையில் வீசிவிட்டுப் போகும் தங்கூசி நூல் சிக்கல்கள் கண்டல் வேரிலும் பறவைக் காலிலும் சுற்றிக்கொள்கின்றன. அது இலேசில் உக்காது. மண்டைதீவு, அராலிப் பக்கங்களில் பூநாரைகள் இறங்கும் காலத்தில் படம் எடுக்க ஊரே போகிறது. அந்தக் கால்களுக்குக் கீழே கிடக்கும் நூலைப் பொறுக்குவதற்கும் இரண்டு பேர் போகலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல்நீரேரியின் மீனைக் குறைத்தது தூண்டில் அல்ல. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்கிறது. தங்கூசி வலைக்கும் தடை உண்டு. 2017இல் இழுவைமடிக்கும் தடை வந்தது. தடை வந்தவை எல்லாம் நின்றுவிடவில்லை. அதற்கு மேல் கழிவுநீர், கண்டல் வெட்டு, கடலட்டைப் பண்ணைக்கு அடைத்த பரப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தால் இடத்தைச் சுருக்குகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் தூண்டில் சின்ன விடயம். ஆனால் தூண்டில்காரர் மாதக் கணக்கில் ஒரே கரையில் நின்று ஒரே தண்ணீரைப் பார்ப்பவர். எப்போது ஏறியது, எப்போது நாறியது, எந்த மீன் வராமல் போனது என்று முதலில் அறிபவர்களில் அவரும் ஒருவர். அவர் கண்ணைச் செய்தியாளர்கள் இதுவரை பயன்படுத்தவில்லை.

இப்போது வரும் மீன்பிடிச் செய்தி எப்படி இருக்கிறது? ‘ராட்சத மீன் சிக்கியது’, எடை, விலை, தூக்கிப் பிடித்த படம். யூரியூப் காணொளியில் இடத்தின் பெயர், எந்தப் பாதையால் இறங்க வேண்டும், எந்தத் தூணடியில் வீச வேண்டும் என்பது வரை இருக்கும். சின்ன நீர்நிலை ஒன்றின் பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் கூட்டம் வந்துவிடும் என்பதால், பெயரை எழுதலாமா என்று வெளிநாட்டு ஃப்ளை ஃபிஷிங் எழுத்தாளர்கள் வருடக் கணக்கில் விவாதிக்கிறார்கள். பண்ணைப் பாலத்தின் பெயரைச் சொல்வதால் ஒன்றும் கெடாது. அது திறந்த கடல்நீர். வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் கோடையில் மிஞ்சும் ஒரு மடுவின் பெயரைச் சொன்னால் அந்த மடு ஒரு வாரத்தில் காலி.

செத்த மீன் கரையொதுங்கும் செய்தியும் இதே குறையோடுதான் வருகிறது. ‘மர்மமான முறையில்’ என்று தொடங்கி, மாதிரிகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன என்று முடியும். முதல் மழை விழுந்து வற்றிய கரித்த தண்ணீரின் மேல் நன்னீர் ஏறியதா, கதவு எப்போது பூட்டப்பட்டது, விடியப்புறம் மீன் வாய் பிளந்ததை யாராவது கண்டார்களா என்று அந்த இடத்தில் தொழில் செய்பவரிடம் கேட்டாலே பாதி விளங்கிவிடும். நஞ்சு இல்லை என்று ஆய்வு சொன்ன பிறகும் வாசகருக்குக் காரணம் தெரியாமல் போவது அந்தக் கேள்விகள் கேட்கப்படாததால்தான்.

கதவு திறப்புச் செய்தியோடு இன்னும் மூன்று தகவல் சேர்ந்தால் போதும்: அணைக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் எவ்வளவு, உள்ளே உப்பு எவ்வளவு, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை கதவு திறந்திருக்கும். முதல் இரண்டும் ஓர் அளவுச் சட்டமும் கையடக்க உப்புமானி ஒன்றும் இருந்தால் யாரும் எடுக்கக்கூடியவை. பாடசாலை விஞ்ஞான ஆசிரியரும் பிள்ளைகளும் மாதம் முழுக்க எடுத்துப் பதிந்து வைக்கலாம். மூன்றாவது, கதவைத் திறக்கும் அதிகாரியிடம் கேட்டால் கிடைக்கும். நாளாந்தம் பதிந்து சேர்ந்துவிட்டால், இறால் குஞ்சு ஏறும் நாட்களில் ஓட்டம் தணிந்த இரவு நேரத்தில் சில மணி நேரம் ஒரு கதவையாவது திறந்து வையுங்கள் என்று தொழிலாளர் சங்கமும் விவசாயச் சங்கமும் ஒரே மேசையில் இருந்து எண்களோடு பேசலாம். எவ்வளவு உப்பு உள்ளே வரும் என்ற விவசாயியின் பயத்துக்கும் அதே எண்களில் பதில் இருக்கும்.

தூண்டில்காரர்கள் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. கதவு திறந்து ஓட்டம் அடங்கும் வரை தூணடியில் வீசுவதில்லை, முட்டைக் கொடுவாயைத் தூக்குவதில்லை, வற்றிய மடுவின் பெயரைக் காணொளியில் சொல்வதில்லை என்ற மூன்றையும் இந்த மாரிக்கு முன்னரே தொண்டைமானாற்றடியில் கூடும் இளைஞர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யலாம். அவர்களுக்கென்று வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. மீன் ஓடுது என்ற செய்தி போகும் அதே குழுவில் இதுவும் போகட்டும்.